எழும்பூர் மணலும் சட்டாம்பிள்ளையும்

கல்விக் கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி என்றதும் கணினியையும் ஒளித்திரையையும் நினைப்பது இக்காலத்து வழக்கம். ஆயினும், ஒரு சாதனத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பிரயோகித்துப் பார்த்து, அதன் பலனை நாள்தோறும் ஏட்டிற் பதிந்து, பரிசோதனை என்றே பெயரிட்டு உலகத்தாருக்கு அறிவித்த முயற்சிகளுள் மிகப் பழையதொன்று நம் சென்னை எழும்பூரில் நிகழ்ந்தது என்பதும், அங்கே சோதிக்கப்பட்ட சாதனம் வெறும் மணல் என்பதும் பலர் அறியாத செய்திகள்.

ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1787-இல் இந்தியாவுக்கு வந்து, பட்டாளங்கள் பலவற்றின் குருப் பதவிகளை ஒருங்கே பெற்றுக் கைநிறையப் பொருள் ஈட்டிவந்தார். 1789-இல் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென்று எழும்பூரில் ஒரு விடுதி ஏற்பட்டபொழுது, அதன் மேற்பார்வையைச் சம்பளம் வாங்காமலே ஏற்றுக்கொண்டார். அங்கிருந்த உபாத்தியாயர்களோ பழகிய தடத்தைவிட்டு ஓரடியும் விலகச் சம்மதியாதவர்கள்.

ஒரு நாட் காலையில் குதிரையேறி உலாவச் சென்ற பெல், நம்மவருடைய பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். கண்டதும் ஆர்க்கிமிடீஸைப் போல ஆரவாரித்துக்கொண்டே விடுதிக்கு விரைந்தார் என்று அவருடைய சரித்திரம் கூறும். அரிச்சுவடி வகுப்புக்கு இம்முறையிலேயே போதிக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட, அது நடவாத காரியம் என்று உபாத்தியாயர் கைவிரிக்க, பெல் மனம் தளராமல் ஒரு சிப்பாயின் மகனான ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர் மாட்டேன் என்றதைச் சிறுவன் செய்துகாட்டினான்.

செய்முறை மிக எளியது. காய்ந்த மணலை மெல்லியதாகப் பரப்பி, எழுத்து ஒன்றை முதலில் எழுதிக்காட்ட வேண்டும். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டி, பிறகு மணலைச் சமன்செய்து, ஞாபகத்திலிருந்தே அதனைத் தானாக எழுத வேண்டும். தாள் இல்லை, மை இல்லை, இறகுப்பேனா சீவும் தொல்லை இல்லை; பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் பிழையும் இல்லை. பிழைக்கு அஞ்சாமல் எழுதக் கற்ற பிள்ளை விரைவில் எழுதக் கற்கும் என்பதை எந்த மனோதத்துவ நூலும் சொல்லுமுன்பே மணல் சொல்லிவிட்டது!

பெல் இத்தோடு நிற்கவில்லை. வல்லவனோடு மெலியவனை இணைத்துக் கற்பிக்கச் செய்தார்; ஒவ்வொரு வகுப்பும் அன்றன்று கற்ற பாடத்தின் அளவைக் குறிக்கப் பதிவேடு வைத்தார்; குற்றங்களைக் கறுப்புப் புத்தகத்தில் எழுதி, பிள்ளைகளையே பஞ்சாயத்தாராக அமர்த்தி விசாரிக்கச் செய்தார். 1796-இல் தாய்நாடு திரும்பியவர், மறு ஆண்டே லண்டனில் இவ்விருத்தாந்தத்தைச் சிறு நூலாகப் பிரசுரித்தார். 1798-இல் சவுத்வார்க்கில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் ஏறக்குறைய இதே முறையைக் கையாளவே, முறை யாருடையது என்ற வழக்கு எழுந்தது; அரசாங்கத் திருச்சபையார் பெல்லின் பக்கமும், அதில் சேராத கிறிஸ்தவர்கள் லங்காஸ்டரின் பக்கமும் நின்று நெடுங்காலம் வாதிட்டார்கள். 1811-இல் திருச்சபையார் நிறுவிய நேஷனல் சொஸைட்டி பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குப் போதிக்கலாம் என்று பெருமையடித்துக்கொண்ட லங்காஸ்டரோ, குறும்பு செய்த பையனைக் கூண்டிலிட்டு விட்டத்திலிருந்து தொங்கவிடும் தண்டனையையும் தம் முறையில் சேர்த்துக்கொண்டார். பிள்ளைக்கு எளிதாக இருந்ததனால் மணலை வியந்தார் பெல். செலவு குறைவாக இருந்ததனாலேயே அம்முறையைத் தழுவினார்கள் இங்கிலாந்தின் தனவந்தர்கள் என்று நினைக்க இடமிருக்கிறது.

மணல் தமக்கு எங்கே கிடைத்தது என்பதைப் பெல் மறைக்கவில்லை. ஆனால் மாணாக்கனைக் கொண்டு மாணாக்கனுக்குப் போதிப்பது தம் சொந்தக் கற்பனை என்றே இறுதிவரை சாதித்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். கணக்காயர் வருமுன் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைப்பவனும், எண்சுவடியை முறைவைத்துச் சொல்ல மற்றவர்களைத் திரும்பச் சொல்லச் செய்பவனும், சின்னஞ்சிறுவனின் விரலைப் பிடித்து மணலில் அகரத்தை வளைப்பவனும் சட்டாம்பிள்ளை அல்லவா? கன்னட நாட்டில் யாத்திரை செய்த பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், சிறுவர்கள் ஆசிரியர் இன்றியே பாடத்தை இசையோடு சொல்லி மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டதை 1623-இலேயே கண்டு எழுதியிருக்கிறார். பெல் தாம் பார்த்த பள்ளியில் மணலைப் பார்த்தார், சட்டாம்பிள்ளையைப் பார்க்கவில்லை என்று கொள்வதே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. அவருடைய மெய்யான சாதனை வேறு: எண்ணிப் பார்த்தார், எழுதிவைத்தார், அச்சிட்டார். நம் கணக்காயர்கள் இம்மூன்றையும் செய்யவில்லை. ஆகவே அந்த முறை சென்னை முறை என்று ஊரின் பெயரை மட்டும் பெற்றது.

1822-இல் சென்னை கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டபோது, பல்லாரி கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், எழுதப் பழக்கும் சிக்கனமும், முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியவருக்குப் போதிக்கும் ஏற்பாடும் போற்றத்தக்கவை என்றும், இங்கிலாந்து அவற்றைப் பின்பற்றியது தகுதியே என்றும் குறித்தார். அதே அறிக்கையிலேயே, ஏறத்தாழப் பத்து லட்சம் ஜனங்கள் வாழும் தம் ஜில்லாவில் 533 பள்ளிகளே உள்ளன, அவற்றிற் பயில்வோர் 7,000 பேர்கூட இல்லை, முன்பு பள்ளி இருந்த கிராமங்கள் பலவற்றில் இப்போது ஒன்றும் இல்லை, குடிகள் நாளுக்கு நாள் வறுமையடைந்து வருவதே இதற்குக் காரணம் என்றும் எழுதினார்.