துப்பறியும் சாம்பு

எழுத்தாளர் தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) படைத்த நகைச்சுவைத் துப்பறிவாளர், ஆனந்த விகடன் வாசகர்களின் செல்லப்பிள்ளை. வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாம்பு ஊரறிந்த அசடு. அவர் உளறுவதும் தடுக்கி விழுவதும் எப்படியோ திருடனின் கழுத்தில் கயிறாக விழும். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அதை அபார மூளையென்று மெச்சுவார். சாம்புவின் மனைவி வேம்பு. ஓவியர் ராஜுவின் கோடுகள் சாம்புவுக்கு முகம் தந்தன. பின்னர் கோபுலு சித்திரக்கதையாக வரைந்தார். சாம்புவுக்கு நேரெதிர், அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித் 2004 முதல் எழுதிய கதைகளின் நாயகியான எடின்பரோ தத்துவவாதி இசபெல் டல்ஹவுசி; தொழில்முறைத் துப்பறிவாளர் அல்லர். அவரோ அறநெறி இதழொன்றின் ஆசிரியர். அடுத்தவர் விவகாரத்தில் தலையிடலாமா என்றே பக்கம் பக்கமாக யோசிப்பவர். சாம்புவுக்கு யோசனை என்பதே கிடையாது. சிரிப்பில் சாம்புவே ஒரு படி மேல்.