பள்ளி வாயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர், அச்சமுதாயம் எந்தெந்த வாயில்களின் முன் தடுத்து நிறுத்தப்பட்டது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். நம் முன்னோர் நிறுத்தப்பட்ட வாயில்கள் பல. கோயில் வாயில், குளத்துப் படித்துறை, தேநீர்க் கடை ஆகியவற்றை நாம் அறிவோம். இவை அனைத்தினும் நெடுங்காலம் நம்மை வாட்டியது பள்ளி வாயிலேயாகும். எழுத்து மறுக்கப்பட்டவன் தன் குறையை எழுதி முறையிடவும் இயலாதவனாகிறான். ஆதலினால்தான் நம் பெரியோர் கல்விச் சங்கம் கண்டனர். அதன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், இன்றும் அவ்வாயிலில் நிறுத்தப்படும் வேறு சில பிள்ளைகளைக் குறித்துச் சிந்திப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினத்தவர், தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர் ஆகியோரே நாம் குறிப்பிடும் பிள்ளைகள். பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்வோர் திருநங்கையர். பெண் என்று எழுதப்பட்டுத் தம்மை ஆணாக உணர்வோர் திருநம்பியர். தம் பாலினத்தவரிடமே அன்பும் ஈர்ப்பும் கொள்வோர் தன்பாலீர்ப்பினர். இவர்கள் அனைவரையும் சேர்த்துப் பால்புதுமையர் என வழங்கும் வழக்கம் இன்று ஏற்பட்டுள்ளது. இவ்வியல்புகள் நோயுமல்ல, குற்றமுமல்ல என்பது மருத்துவ உலகின் முடிபு. உலக நலவாழ்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலினின்று நீக்கிவிட்டது.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்கள்

சதாராவில் பயின்ற சிறுவன் பீமராவ் வகுப்பின் ஒரு மூலையில் தனித்து அமர்த்தப்பட்டதை நாம் அறிவோம். அமர்வதற்குரிய சாக்குத் துணியை அவர் நாள்தோறும் வீட்டிலிருந்து சுமந்து வந்து, மாலையில் திரும்பச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாள் அதைத் தொடமாட்டார். குழாயைத் திறந்து நீர் தருவதற்குப் பணியாள் இல்லாத நாளில் அவருக்குத் தாகம் தணிய வழியில்லை. இவற்றை அண்ணலே எழுதி வைத்துள்ளார். அப்பள்ளியின் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, பாடமும் நடந்தது. எனினும், அது அவருக்குரிய பள்ளியாக இருக்கவில்லை. பள்ளியிற் சேர்த்தல் வேறு, பள்ளியில் வாழவிடுதல் வேறு என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

அண்ணலின் வாழ்வில் நம்மவர் பலரும் அறியாத மற்றொரு நிகழ்ச்சி உண்டு. மராத்தி நாட்டில் ரகுநாத் தோண்டோ கார்வே என்னும் சீர்திருத்தவாதி ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்னும் திங்களிதழை 1927 முதல் நடத்தி வந்தார். பாலியல் குறித்து வாசகர் எழுப்பிய ஐயங்களுக்கு அவர் அதில் விடையளித்தார். தன்பாலீர்ப்புப் பற்றிய ஐயங்களும் அவற்றுள் இருந்தன. இது ஆபாசம் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டில் பம்பாயில் அவருக்காக வழக்காட முன்வந்தவர் வழக்கறிஞர் அம்பேத்கர். அறிய விரும்புவோர் கேட்கும் கேள்விக்கு அறிவியல் வழி விடை கூறுதல் ஆபாசமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்குத் தோற்றது, கார்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆயினும், ஊரார் வாய் திறக்கவும் நாணிய ஒரு பொருளில் அறிவின் பக்கம் நின்றவர் நம் தலைவர் என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டம் இழைத்த கொடுமை

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பினரைக் குற்றவாளிகளாக்கியது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை நாம் நன்கறிவோம். எத்தனையோ எளிய குடிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதிய சட்டம் அது. அதே சட்டத்தின் மற்றொரு பகுதி, வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைப் பதிவு செய்யுமாறு பணித்தது. அவ்வாறு பதியப்பட்டவர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினால் சிறை. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனைத் தம்மிடம் வைத்திருந்தால் தண்டனை. பிள்ளையைத் தத்தெடுக்கவும் உயில் எழுதவும் உரிமையில்லை. பிறப்பையும் இயல்பையும் குற்றமெனக் கொண்ட ஒரே மனப்பான்மை, ஒரே சட்டப் புத்தகத்தில் இருவேறு மக்களை ஒடுக்கியது. ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இதைவிடத் தக்க சான்று வேண்டுவதில்லை.

377ஆம் பிரிவு வீழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அதன் கொடுமையை நீக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வயது வந்தோர் மனமொத்து வாழ்தல் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2014 ஏப்ரல் 15ஆம் நாள், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை உடையவர் என்றும், திருநர்க்குக் கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது.

தமிழ்நாட்டின் நிலை

இத்துறையில் தமிழ்நாடு முன்னோடி எனலாம். நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் 2008இல் இங்கு அமைக்கப்பட்டது. ஆயினும் வாரியத்தின் கை எட்டுமுன்னரே, வகுப்பறையில் பிள்ளைகள் தோற்றுப்போயினர். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4,88,000 பேர் ஆண், பெண் அல்லாத பாலினத்தாராகப் பதியப்பட்டனர். நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 74 என்றிருக்க, இவர்களிடையே அது 56 மட்டுமே.

ஏன் இந்த வீழ்ச்சி? தமிழ்நாட்டில் பால்புதுமை இளைஞர் ஏறத்தாழ 400 பேரிடம் யுனெஸ்கோ நிறுவனம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு விடை கூறுகிறது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் நூற்றுக்கு 60 பேர் உடலால் துன்புறுத்தப்பட்டனர். தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் தொல்லைக்கு ஆளானோர் நூற்றுக்கு 43 பேர். பள்ளியில் முறையிட்டவர் நூற்றுக்கு 18 பேரே. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இக்கொடுமையாற் படிப்பையே கைவிட்டனர். நடையைப் பழித்தும், குரலைப் பழித்தும், பட்டப்பெயர் சூட்டியும் விரட்டப்படும் பிள்ளைக்கு, கழிப்பறை செல்வதும் ஓர் அச்சமாகிறது. அப்பிள்ளை பள்ளியைத் தானே விட்டு நின்றது என்று பதிவேடு எழுதும். விரட்டிய கைகளை அது எழுதுவதில்லை. நம் பாட்டன்மார் பள்ளியை விட்டு ‘நின்ற’ கதையும் இதுவேயன்றோ?

2021ஆம் ஆண்டு, மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் இணைந்து வாழப் பாதுகாப்புக் கோரி வந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தாமே இப்பொருளைக் கற்றறிய முற்பட்டு, ஜூன் 7ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். இயல்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யும் ‘சிகிச்சை’களை அவர் தடை செய்தார். பள்ளிகளில் எப்பாலினத்தவரும் பயன்படுத்தத்தக்க கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றும் வழி, விண்ணப்பத்தில் உரிய பாலினக் கட்டம், புரிதலுள்ள மனநல ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கு விளக்கம் என அவர் வழி காட்டினார். பத்திரிகைகளும் அலுவலகங்களும் இழிசொல் தவிர்த்து வழங்குதற்குரிய சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. ஆனால் எல்லாம் ஏறுமுகமாக இருந்திடவில்லை. திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் இணைத்துக் கொள்ள ஆசிரியர்க்கென நடுவண் கல்வி நிறுவனமாகிய என்.சி.இ.ஆர்.டி. 2021இல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்புக் கிளம்பியவுடன் சில நாட்களிலேயே விலக்கிக் கொள்ளப்பட்டது.

இரட்டைச் சுமை

நம் சமுதாயத்தில் பிறந்த பால்புதுமைப் பிள்ளைக்குச் சுமை இரண்டு. ஊரில் சாதி, வீட்டில் பாலினம். தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை என்று அறியப்படும் கிரேஸ் பானு, தலித் குடும்பத்தில் பிறந்தவர். இவ்விரு சுமைகளையும் பிரித்துப் பார்க்க இயலாது என்று அவர் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். திருநர் அனைவரையும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒன்றாக அடைத்தால், ஆதி திராவிடராய்ப் பிறந்த திருநங்கை தன் பட்டியல் உரிமையையோ தன் பாலின உரிமையையோ இழக்க நேரும். ஆகவேதான், ஒவ்வொரு சாதிப் பிரிவினுள்ளும் திருநர்க்கு உள்ளொதுக்கீடு வேண்டும் என்கின்றனர். கருநாடக அரசு 2021இல் அரசுப் பணிகளில் இம்முறையில் நூற்றுக்கு ஒன்று வழங்கியது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் இக்கொள்கையையே ஏற்று ஆணையிட்டது. இடஒதுக்கீட்டின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்? இக்கோரிக்கைக்கு முதற்குரல் நம்மிடமிருந்து எழுவதே முறை.

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் திருத்திய பகடிவதைத் தடுப்பு விதியை நம் மாணவர்கள் மனத்திற் கொள்வாராக. சாதியின் பேராலும், பாலினத்தின் பேராலும், பாலீர்ப்பின் பேராலும் ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் பகடிவதையே என அவ்விதி ஒரே வாக்கியத்தில் உரைக்கிறது. சாதிப்பெயர் சொல்லி இழித்தால் சினந்தெழும் நம் இளைஞன், வகுப்புத் தோழனை ‘ஒன்பது’ என்று இழித்துச் சிரிப்பானாயின், அவன் தன்னைக் காக்கும் விதியையே மிதிப்பவனாகிறான்.

நம் முன் உள்ள பணி

நாம் செய்யத்தக்கவை பெருஞ்செலவு கோருவன அல்ல. பிள்ளை விரும்பும் பெயரால் அதனை அழைத்தல். நம் விடுதிகளில் தாழிடக்கூடிய தனிக் கழிப்பறையும் குளியலறையும் அமைத்தல். பட்டப்பெயர் சூட்டுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக விடுதி விதியில் எழுதுதல். முறையீட்டைக் கேட்க நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரை நியமித்தல். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி நம்பி உரைத்ததை அதன் ஒப்புதலின்றி வீட்டாரிடமும் வெளியிடாதிருத்தல். வீட்டை விட்டு விரட்டப்பட்ட பிள்ளைக்கு விடுதிக் கதவைத் திறத்தல். நம் உதவித்தொகையில் அத்தகைய பிள்ளைக்கும் இடமளித்தல். திருநங்கையர் உயர்கல்விக்குரிய கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆனால் பத்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்குக் கல்லூரி உதவியால் யாது பயன்? கல்லூரி வரை பிள்ளையைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம் போன்ற சங்கங்களுடையது.

அன்பார்ந்த இளைஞர்களே! கற்பி, ஒன்றுசேர், போராடு என்று அண்ணல் நமக்கு உரைத்தார். ஒன்றுசேர் என்னும் சொல்லில் எவரை விட்டுவிடலாம் என்று அவர் பட்டியல் தரவில்லை. சாக்குத் துணியைச் சுமந்து சென்ற அச்சிறுவனின் வழிவந்தோர் நாம். நம் பள்ளியில், நம் விடுதியில், எந்தப் பிள்ளையும் மூலையில் தனித்து அமராதிருக்குமாயின், இச்சங்கம் தன் பொன்விழாவைத் தலைநிமிர்ந்து கொண்டாடும்.