விலக்குத் தொடரும் மடித்த துப்பாக்கியும்: தென்காசிச் சீமையில் துப்பாக்கி ஒழுங்கின் வரலாறு

பறக்கும் மண்தட்டைச் சுடும் விளையாட்டுத் தளத்தில் நடந்து செல்பவரின் கையிலுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி மடிந்தே இருக்க வேண்டும். பின்வாய் திறந்து, இரண்டு வெற்றுத் துளைகளும் எதிரே வருபவர் கண்ணில் பட வேண்டும். 'என் துப்பாக்கி காலி' என்ற வாய்ச்சொல்லை அங்கே யாரும் ஏற்பதில்லை. சுடுவோரிடையே மரியாதையின் முதல் அடையாளம் இதுதான். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஒழுங்கு இது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் வரலாற்றிலோ யார் பிடிக்கலாம் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மற்றக் கேள்விக்கு அது இடம் விடவும் இல்லை.

இவ்வட்டாரத்தின் ஆயுத வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரத்தையே பின்பற்றுகின்றனர். 1881இல் சென்னை அரசு வெளியிட்ட அந்நூல், ஆதிகாலம் முதல் 1801இல் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தது வரை என்று தலைப்பிலேயே தன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. நெல்கட்டும்செவல் பூலித்தேவர், வாசுதேவநல்லூரில் கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கான் கண்ட பின்னடைவு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, 1801இன் இறுதிப் போர் என எல்லாம் அந்த எல்லையை நோக்கியே நடக்கின்றன. அதற்கு அப்பால் ஆயுதத்துக்குக் கதையில் இடமில்லை. பாளையக்காரர் ஜமீன்தாராகிறார், சீமை அடங்குகிறது.

இந்த வாசிப்பில் பாதி உண்மை உண்டு. கோட்டைகள் இடிக்கப்பட்டன, பாளையப் படைகள் கலைந்தன. ஆனால் 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விடுத்த அறிக்கை ஆயுதத்தை ஒரேயடியாக ஒழிக்கவில்லை. தாக்குதல் ஆயுதங்களின் பயன்பாட்டை ஒடுக்குவதாக அறிவித்த அதே மூச்சில், அரசு அனுமதிக்கும் ஆயுதங்களுக்கு அது விலக்கும் வைத்தது. கால்டுவெல்லின் கண் தடையில் நின்றது. வரலாற்றுக்குக் கனம் சேர்த்தது விலக்குத் தொடர்தான். முற்றிலும் ஒழிக்கப்பட்ட பொருளுக்குப் பதிவேடு வேண்டாம். அனுமதிக்கப்பட்டதற்கோ பெயர், ஊர், எண்ணிக்கை, புதுப்பிக்கும் நாள் எல்லாம் வேண்டும். இன்று ஊரார் 'லைசென்ஸ் துப்பாக்கி' என்று சொல்வதன் விதை அந்தச் சிறு தொடரில் இருக்கிறது.

அந்த விதை முளைத்த ஆண்டைத் திட்டமாகக் குறிப்பது எளிதன்று. 1857, 1860 ஆண்டுகளின் சட்டங்களைத் தாண்டி 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் அது முழு உருவம் பெற்றது. அச்சட்டத்தின் கீழ் ஐரோப்பியருக்கு உரிமம் தேவையில்லை. இங்கும் தடை ஒருவருக்கு, விலக்கு இன்னொருவருக்கு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு இச்சட்டத்தைக் குறித்துத் தீர்மானம் கொண்டுவந்தது; பிபின் சந்திர பால் அதற்காகப் பேசினார். கால்டுவெல்லின் நூல் வெளிவந்தபோது இச்சட்டத்துக்கு மூன்று வயது. உரிமம் பழகிப்போன காலத்தில் நின்றுகொண்டு 1801ஐத் திரும்பிப் பார்த்தவருக்கு அது முடிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதைத் தொடக்கம் என்று கொள்வதே பொருந்தும்.

யார் பிடிக்கலாம் என்பதன் கதை இப்படி. எப்படிப் பிடித்தார்கள் என்பதற்குச் சான்று மெலிவு. குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன், நூவன் துணையோடு கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் காலத்தோடு, அதாவது 1706–1732 ஆண்டுகளோடு, நூலைச் சேர்க்கும் மரபு உண்டு, ஆண்டு உறுதிப்படவில்லை. பாளையப் படையின் திரித் துப்பாக்கிக்கோ இலக்கியத்தின் துணை இந்த அளவுக்கும் இல்லை. ஆயினும் கருவியே ஓரளவு சாட்சி சொல்லும். எரியும் திரியை ஒரு கையிலும் கரிமருந்தை இடுப்பிலும் வைத்திருக்கும் வீரர்கள், இரண்டையும் விலக்கி வைக்கும் பழக்கமின்றி நெருக்கமாக நின்று சுட்டிருக்க முடியாது. ஐரோப்பாவில் 1607இலேயே யாக்கோப் தெ கெய்ன் அந்த அசைவுகளைப் படிப்படியாகப் படமாக வரைந்து வெளியிட்டார். பாளையத்தில் அது படமாகவில்லை; அதனாலேயே பழக்கம் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு.

திரித் துப்பாக்கியின் வாரிசு முன்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழல்வாயில் கரிமருந்து போட்டு, நாரோ துணியோ திணித்து, ரவை இட்டு, மீண்டும் திணித்துக் கோலால் கெட்டிக்க வேண்டும். இடையில் வெற்றிடம் நின்றால் குழலே வெடிக்கக்கூடும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அறிய வழி ஒன்று உண்டு: காலிக் குழலில் கோலை இறக்கி வாயளவில் ஒரு கோடு கீறி வைத்திருக்க வேண்டும். பிறகு இறக்கும்போது அந்தக் கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் துப்பாக்கி நிரம்பியிருக்கிறது என்று பொருள். இது பிடித்திருப்பவர் செய்யும் சோதனை. பத்தடி தள்ளி நிற்பவருக்கு எதையும் காட்டாது.

மண்தட்டுத் தளத்தின் ஒழுங்கு முழுவதும் பத்தடி தள்ளி நிற்பவருக்காகவே உருவானது. உயிர்ப்புறாவுக்கும் கண்ணாடி உருண்டைக்கும் பின், 1880இல் அமெரிக்காவின் லிகோவ்ஸ்கி மண்தட்டைக் கொண்டுவந்தார். 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு பறக்கிறது. சுடுபவர் தம் நிலையில் நின்று, குழல் தளத்தை நோக்கிய பின்பே தோட்டா இடுகிறார். டிரிகரை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலைத் திருப்பாமல் சற்றுப் பொறுக்கிறார். 20 அளவுத் தோட்டா தவறி 12 அளவுக் குழலில் விழுந்தால் பாதியில் சிக்கி நிற்கும். அதன் பின்னால் 12 தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 தோட்டாக்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் இதுவே.

தமிழகத்தில் இவ்விளையாட்டில் பெயர் பெற்றவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். ஹாங்சூ ஆசியப் போட்டியில் டிராப் என்னும் மண்தட்டுப் பிரிவில் ஆடவர் அணி தங்கம் வென்றபோது அதில் இருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டை. திருநெல்வேலிச் சீமையில் ஆயுதம் பறிபோனபோது புதுக்கோட்டையில் அரசு நிலைத்தது. இது ஒப்புமை மட்டுமே. இதிலிருந்து காரண காரியம் கட்டுவது மிகை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு ஓய்ந்தது என்பர். ஆனால் அச்சட்டத்தின் 1991 திருத்தமே கதவை அடைத்தது. அதன்பின் எஞ்சியவை பயிர்க்காவல், தற்காப்பு, விளையாட்டு. எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியைச் சட்டம் முறையாகக் கையிலெடுத்தது 2016 ஆயுத விதிகளில். உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும் என்றன அவை. தென்காசி தனி மாவட்டமான 2019இல், அதன் அடுத்த மாதமே வந்த ஆயுதச் சட்டத் திருத்தம், கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கியது.

ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே வாக்கியத்தில் பூட்டியிருக்கிறது: தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத, புரியில்லாக் குழல் துப்பாக்கி, பயிர்க்காவலுக்கு முன்வாய்த் துப்பாக்கி. முதலாவதை மடித்துக் காட்டலாம். இரண்டாவதை மடிக்க முடியாது. முன்வாய்த் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் விவசாயிக்கு மற்றதற்கு உரிமம் தரலாம் என்று அங்கேயும் ஒரு விலக்குத் தொடர் உண்டு. போதுமா போதாதா என்பதை அளக்க அது வைத்திருக்கும் கோல் பயிர்தான். பிடித்திருப்பவரின் பாதுகாப்பு அந்தத் தொடரில் இல்லை.