தில்லையாடி தெரியும், பிரிட்டோரியா?

எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துல தில்லையாடின்னா வள்ளியம்மைதான். ஜோகன்னஸ்பர்க்ல பொறந்து, காந்தியோட சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போய், 1914 பிப்ரவரி 22-ல, 16 வயசுல செத்துப்போன பொண்ணு. தரங்கம்பாடிக்குப் பக்கத்துல இருக்கற அந்த ஊருக்கு 1915-ல காந்தியே வந்துட்டுப் போனார். (கோ-ஆப்டெக்ஸ் கட்டிடத்துப் பேராத்தான் தெரியும்கறவங்களும் இருக்கீங்க, தெரியும் :-))

நம்ம பாடப்புத்தகம் அதோட நிறுத்திடும். நான் சொல்ல வந்தது அந்த நாட்டோட பின்கதையை.

1946-ல இந்தியர்கள் நிலம் வாங்கறதைக் கட்டுப்படுத்தி அங்க ஒரு சட்டம் வந்தது. அந்த ஜூலையிலேயே இந்தியா வியாபாரத்தை நிறுத்திடுச்சு. நமக்கே சுதந்திரம் வர இன்னும் ஒரு வருஷம் பாக்கி! நம்ம ஏற்றுமதியில நூத்துக்கு அஞ்சரைப் பங்கு அப்ப அங்கதான் போயிட்டிருந்தது.

அப்புறம் மத்த நாடுகளும் ஒவ்வொண்ணா விலக, பிரிட்டோரியா கூட்டாளி தேடிக் கிளம்புச்சு. யார் கிடைச்சாங்க? பெரும்பாலும் அதே மாதிரி ஓரங்கட்டப்பட்டவங்க. ஐ.நா. இடத்தை 1971-ல இழந்த தைவான். எண்ணெய்க்கு, 1979 வரைக்கும், ஈரான் ஷா. 1976 ஏப்ரல்ல பிரதமர் ஃபோர்ஸ்டர் இஸ்ரேலுக்கே போனார். இரண்டாம் உலகப்போர் சமயத்துல நாஜி ஆதரவு அமைப்புல இருந்ததுக்காகக் காவல்ல வைக்கப்பட்ட அதே மனுஷன்! ஆப்பிரிக்காவுக்குள்ள மலாவி. லிலோங்வேல புதுத் தலைநகர் கட்டக் கடன் கொடுத்தாங்க. 1971-ல அதிபர் பாண்டா வெள்ளை அரசாங்கத்தோட விருந்தாளியாப் போயிட்டு வந்தார். வயித்துப்பாட்டுக்கு முன்னாடி நிறமாவது ஒண்ணாவது.

ஆனா நிஜமா தாங்கிப் பிடிச்சவங்க இவங்க இல்லை. 1974 அக்டோபர்ல ஐ.நா.வை விட்டு வெளியேத்தற தீர்மானத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூணும் சேர்ந்து வீட்டோ பண்ணாங்க. அதே வருஷம் டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்கு நம்ம சென்னைப் பசங்க விஜய், ஆனந்த் அமிர்தராஜ் இருந்த அணி வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட வேண்டாம்னு இந்தியா விலகிடுச்சு. ஒரு பந்து அடிக்காம கோப்பை அவங்களுக்குப் போச்சு. சரியான முடிவுதான், ஆனா வயிறு எரியத்தான் செய்யுது.

இதைவிடப் பெரிய விலை ஒண்ணு உண்டு. நேட்டாலுக்கு 1860-லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினவங்க வாரிசுகளைப் போய்ப் பார்க்கணும்னா, இந்திய பாஸ்போர்ட்ல தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாதுன்னு முத்திரை. ராஜதந்திரக் கணக்குல இதையெல்லாம் யாரு சேர்த்தா?

1993 நவம்பர்ல டெல்லியோட தூதரக உறவு வந்தது. அடுத்த வருஷம் மண்டேலா அதிபர். கஷ்டகாலத்துக் கூட்டாளி தைவானை 1998 ஜனவரியில கழட்டி விட்டுட்டு பெய்ஜிங் பக்கம் போயிட்டாங்க.