வெண்புள்ளி நோய்: மீன்தொட்டி மருத்துவத்தின் வரலாறு

நன்னீர் மீன்களின் தோல், துடுப்பு, செவுள் ஆகியவற்றில் உப்பைத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி நோயே வெண்புள்ளி நோய் எனப்படுகிறது. வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் நோய் இதுதான். இறால் பண்ணைகளைப் பாதிக்கும் வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

திண்டுக்கல் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் கூடும்போது தொட்டி நீரின் வெப்பநிலை சட்டெனக் குறைகிறது. கடையில் வாங்கிய மீனை நெகிழிப் பையிலிருந்து நேரே தொட்டியில் விட்ட வீடுகளில் அப்போது புள்ளிகள் தோன்றும். நீலச் சொட்டு மருந்து விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் மறையும். குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவார்கள். சில நாளில் புள்ளிகள் முன்னிலும் அதிகமாகத் திரும்பி வந்து மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கும். மருந்தில் குறையா, மருந்து கொடுத்த முறையில் குறையா? இக்கேள்விக்கு விடை கிடைக்க அறிவியலுக்கே பல ஆண்டுகள் ஆயின.

தொட்டியும் நோயும்

கண்ணாடித் தொட்டியில் மீனையும் நீர்த்தாவரத்தையும் சேர்த்து வைத்தால் நீரை அடிக்கடி மாற்றாமலே அவை வாழும் என்பதை ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850 இல் லண்டனில் எடுத்துக்காட்டினார். 1853 இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் காஸ் எழுதிய நூலால் மீன்தொட்டி வைக்கும் பழக்கம் வீடுகளுக்கும் பரவியது.

ஆற்றிலும் குளத்திலும் ஒட்டுண்ணி முன்பே இருந்தது. ஆனால் பரந்த நீரில் அதன் குஞ்சுகளில் மிகச் சிலவே மீனைக் கண்டடையும். சிறிய தொட்டியில் அவற்றுக்குத் தேடும் வேலையே இல்லை. எனவே தொட்டிகள் பெருகியபோது இந்நோயும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. ஜெர்மனியில் ஹில்கெண்டார்ஃப், பாலிக்கி ஆகிய இருவரும் 1869 இல் இந்த ஒட்டுண்ணியைப் பற்றி எழுதினர். பிரான்சின் ஃபூக்கே 1876 இல் அதற்கு இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயரிட்டார். 1893 இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியின் மீன்தொட்டிகளில் இதே ஒட்டுண்ணியைக் கண்டு, சார்லஸ் ஸ்டைல்ஸ் அறிக்கை எழுதினார்.

பல பிள்ளை பெற்ற பேன்

இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்பதற்குப் பல பிள்ளைகளை உடைய மீன் பேன் என்று பொருள். உண்மையில் இது பேன் அன்று. மயிரிழை போன்ற நுண்ணிழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிரி. ஆனால் பல பிள்ளை என்ற பகுதி மிகப் பொருத்தமானது. அதன் வாழ்க்கை மூன்று நிலைகளைக் கொண்டது.

முதல் நிலையில் அது மீனின் தோலுக்கு அடியில் இருந்து திசுவை உண்டு வளர்கிறது. நாம் காணும் வெள்ளைப் புள்ளி இதுவே. இரண்டாம் நிலையில் மீனை விட்டு வெளியேறி, தொட்டியின் அடியிலோ கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு உறை ஒன்றை அமைக்கிறது. அந்த உறைக்குள் பிளந்து பிளந்து சில நூறு முதல் ஆயிரம் வரை குஞ்சுகளாகிறது. மூன்றாம் நிலையில் குஞ்சுகள் உறையை உடைத்து வெளியே வந்து மீனைத் தேடுகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும்.

தோலுக்கு அடியில் இருப்பதைத் தொட்டி நீரில் கலந்த மருந்து எட்டாது. உறைக்குள் இருப்பதையும் எளிதில் எட்டாது. நீந்தித் திரியும் குஞ்சை மட்டுமே மருந்து கொல்லும். புள்ளி மறைந்தது என்றால் நோய் போய்விட்டது என்று பொருளன்று. ஒட்டுண்ணி இனம் பெருக்கக் கீழே இறங்கிவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். மருந்தை நிறுத்தக் கூடாத நாளும் அதுதான்.

ஆல்பிரட் புஷ்கீல் 1910 இல் இந்த ஒட்டுண்ணியை விரிவாக ஆராய்ந்தார். நோயிலிருந்து பிழைத்த மீன்கள் மறுபடி எளிதில் நோய்வாய்ப்படுவதில்லை என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

சாயப்பட்டறையிலிருந்து வந்த மருந்து

மீன்தொட்டி மருந்துகள் பலவும் துணிக்குச் சாயமேற்றப் பிறந்தவை. மெத்திலீன் நீலத்தை 1876 இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ உருவாக்கினார். பால் எர்லிக் 1891 இல் அதை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். மாலகைட் பச்சை என்ற சாயம் 1877 இல் உருவானது. 1936 இல் அமெரிக்காவில் ஃபாஸ்டர், வுட்பரி ஆகியோர் மீன்களின் பூஞ்சை நோய்க்கு அதைப் பரிந்துரைத்தனர். அதனுடன் ஃபார்மலின் சேர்த்த கலவை வெண்புள்ளி ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்துவதை 1972 இல் லெட்டூ, மேயர் இருவரும் வெளியிட்டனர்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். சாயம் நூலைப் பிடிப்பது போலவே உயிர்த்திசுவையும் பிடித்துக்கொள்ளும். அதுவே அதன் பலம், அதுவே ஆபத்தும். மாலகைட் பச்சை மீனின் தசையில் நிறமற்ற வேறொரு வடிவமாக மாறி நெடுநாள் தங்குகிறது. மனிதருக்குத் தீங்கு தரக்கூடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் உணவு மீன்களுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. அழகு மீன் தொட்டியில் பயன்படுத்துவோரும் வெறுங்கையால் தொடக் கூடாது.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

சென்னை மெரினாவில் 1909 இல் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்றது. பல பண்ணைகளின் மீன்கள் ஓரிடத்தில் கலந்து, பின் ஊர் ஊராகப் பிரியும் எந்தச் சந்தையிலும் ஒட்டுண்ணியும் உடன் பயணம் செய்யும்.

வெண்புள்ளி தவிர மீன் பேன், நங்கூரப் புழு ஆகியவையும் இந்திய மீன்களைத் தாக்குகின்றன. கெண்டை வளர்ப்புப் பண்ணைகளில் மீன் பேனால் பெரும் இழப்பு ஏற்படுகிறது. நம் ஊர் வேப்பமரத்தின் அசாடிராக்டின் என்ற பொருள் தங்கமீனைப் பற்றிய மீன் பேனைக் கட்டுப்படுத்துவதை மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்டனர். ஆனால் அது பிரித்தெடுத்து அளந்து பயன்படுத்திய பொருள். வேப்பிலையைக் கசக்கித் தொட்டியில் போடுவது அதற்கு ஈடாகாது, மீனுக்கே நஞ்சாகலாம்.

வரலாறு தரும் நடைமுறை

மிகப் பழைய மருந்தான உப்பு இன்றும் பயன்படுகிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் 100 கிராம் கல்லுப்பை நீரில் கரைத்து, இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே நீர் மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டுமே மீண்டும் உப்புச் சேர்க்க வேண்டும். நீர்த்தாவரங்களும் செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் உப்பை அதிகம் தாங்கா.

நீரை 30 டிகிரி வரை மெல்லச் சூடாக்கினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவுபடும். பல வகைகள் அந்த வெப்பத்தில் பெருகுவதில்லை. ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் சமவெளித் தொட்டிகளுக்கு ஹீட்டர் தேவைப்படாது. அடிமண்ணை உறிஞ்சி எடுத்து நீரின் ஒரு பகுதியை மாற்றினால் பல உறைகள் வெளியேறிவிடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

தாமிரம் கலந்த மருந்துகளில் கூடுதல் கவனம் தேவை. கடினநீரில் தாமிரத்தின் வேகம் குறையும். மென்னீரில் அதே அளவு மீனைக் கொல்லும். திண்டுக்கல்லில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரும், அடுத்த வீட்டில் ஆத்தூர் காமராசர் அணையின் குழாய்நீரும் இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் சொன்ன அளவு நம் தொட்டிக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. குழாய்நீரில் உள்ள குளோரினையும் நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

எல்லா மருந்தையும் விட எளியது தனிமைப்படுத்தல். புதிய மீனை இரண்டு வாரம் வேறொரு தொட்டியில் வைத்துக் கவனித்தால், நோய் பழைய மீன்களுக்குப் பரவும் முன்பே தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தக் கூடாது. நோயுற்ற மீனையோ தொட்டி நீரையோ குளத்திலும் கண்மாயிலும் விடுவதும் தவறு. தொட்டியில் அளந்து மருந்திடலாம். மழை வந்தால் ஊர் ஊராக நிரம்பி வழியும் கண்மாய்களுக்கு யாரும் மருந்திட முடியாது.