கருப்பனின் அச்சம்: ‘எரியும் பனிக்காடு’ நாவலும் முன்பண முறையும்

முன்னுரை

பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவல் 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் 2007இல் வந்தது. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். பஞ்சம் பிழைக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறும் கருப்பன், வள்ளி என்னும் இணையரின் உயிர்ப்போராட்டமே நாவலின் கதை. கொடுமை கண்டும் தோட்டத்தை விட்டு ஓடாத கருப்பனின் மனநிலையை அடிமைப் புத்தி என்றோ விதியை நம்பும் இயல்பு என்றோ கொள்வது எளிது. கடனும் சட்டமும் சேர்ந்து உருவாக்கிய அச்சமே அது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முன்பணமும் சட்டமும்

மேஸ்திரி ஊரில் கொடுத்த முன்பணமே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. முன்பணம் பெற்றபின் வேலையைக் கைவிடுவோரை 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் தண்டித்தது. நீதிபதியின் ஆணைக்குப் பின்னும் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு. நீலகிரி, வயநாடு ஆகிய மலைப்பகுதிகளின் தோட்ட முதலாளிகளுக்கு 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் துணைநின்றது. 1893இல் தோன்றி இன்று குன்னூரிலிருந்து இயங்கும் ‘உபாசி’, தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளை ஒரே அமைப்பில் இணைத்தது. ஓடிப்போனவரைத் தேடுவதும் அதன் தொழிலாளர் துறையின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. ஆகவே ஆனைமலையை விட்டு நீலகிரிக்குச் சென்றாலும் கடன் பின்தொடரும்.

கருப்பனின் கணக்கு

இப்பின்னணியில் கருப்பனின் பொறுமை வேறு பொருள் பெறுகிறது. கடனைத் தீர்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்பதே அவன் நம்பிக்கை. ஆண்டுக் கணக்கில் கடன் எஞ்சி நிற்க, அந்நம்பிக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. நம்பிக்கையும் அச்சமும் இங்கு எதிரெதிர் உணர்வுகள் அல்ல. ஓடினால் பிடிபடலாம், இருந்தால் கடன் தீரலாம் என்னும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் அவை. அக்கணக்கில் மலேரியாவுக்கு இடமில்லை. உழைக்கும் உடல் நோயில் வீழ்ந்தால் கூலி நின்றுவிடும், கடன் நிற்காது.

முடிவுரை

1859ஆம் ஆண்டுச் சட்டம் 1926இல் நீங்கியது. முன்பணமும் மேஸ்திரியும் நீங்காததால் அச்சமும் நீங்கவில்லை. சட்டம் ஒழிந்த நாளை ஆவணங்கள் தருகின்றன. ஒழிந்த சட்டத்துக்குப் பின்னும் மனிதர் எதற்கு அஞ்சினர் என்பதைக் கருப்பன் என்னும் பாத்திரம் தருகிறது. நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதன் பயன் இதுவே.