ஒரு சரக்குப் பெட்டியும் துறைமுகத் தொழிலாளிகளும்

1956 ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அது ஒரு பழைய எண்ணெய்க் கப்பல். மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? லாஜிஸ்டிக்ஸ் துறையின் தலையெழுத்தை மாற்றியது அந்தப் பெட்டிதான்!

அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி எல்லாவற்றையும் ஆட்கள்தான் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார்கள். ஒரு கப்பல் பல நாட்கள் கரையிலேயே நிற்கும். லாரி கம்பெனி நடத்தி வந்த மால்கம் மெக்லீன் வேறு விதமாக யோசித்தார். சரக்கைத் தொடாமல், பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன? உதிரிச் சரக்கை ஏற்ற அப்போது டன்னுக்கு 5 டாலர் 80 சென்ட்டுக்கு மேல் ஆனது. ஐடியல் எக்ஸில் ஆன செலவு 16 சென்ட்டுக்கும் குறைவு.

அடுத்த திருப்பம் வியட்நாம் போர். அங்கே துறைமுகங்களில் நெரிசல் தாங்க முடியாமல் போனபோது, அமெரிக்க ராணுவம் சரக்குப் போக்குவரத்தின் ஒரு பகுதியை மெக்லீனின் 'சீலேண்ட்' நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1967ல் கேம் ரான் விரிகுடாவுக்கு கன்டெய்னர் கப்பல்கள் போகத் தொடங்கின. இதுவும் அவுட்சோர்சிங்தானே! காலியாகத் திரும்புவானேன் என்று மெக்லீன் அந்தக் கப்பல்களை ஜப்பானுக்குத் திருப்பினார். ஜப்பானியப் பொருட்கள் அமெரிக்காவுக்குப் பாய இதுவும் ஒரு வழியானது.

சரி, மூட்டை சுமந்தவர்கள் என்ன ஆனார்கள்?

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் இயந்திரத்தை எதிர்த்து மல்லுக்கட்டவில்லை. அதற்கு விலை கேட்டார். 1960ல் போட்ட ஒப்பந்தப்படி முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் 2 கோடியே 90 லட்சம் டாலர் நிதி தர ஒப்புக்கொண்டார்கள். பதிவு பெற்ற தொழிலாளிகளை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, முன்கூட்டியே ஓய்வு பெறுபவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. லண்டனில் கதை வேறு. 1967 முதல் 1981க்குள் நகரின் பழைய கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்துப் போயின.

இந்த அலை சென்னைக்கும் வந்தது. 1983ல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001ல் அதை இயக்கும் பொறுப்பு தனியார் கைக்குப் போனது.

இன்று பெட்டியை நகர்த்துவது கம்ப்யூட்டர். நாளை ஆளில்லாத கிரேன் எல்லாத் துறைமுகங்களுக்கும் வரலாம். தொழில்நுட்பத்தை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அதனால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டா என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 1960ல் பிரிட்ஜஸ் கேட்டது அந்தப் பங்கைத்தான்.